பேய்க்கு என்னலே அவசரம்?

ஏலே, வா. திண்ணையில உக்காரு. தூசி இருக்கா? இருக்கத்தான் செய்யும். தட்டிட்டு உக்காரு. பேய்ப்படம் எடுக்க வந்தவன் தூசிக்கு மூக்கைச் சுளிச்சா எப்பிடி?

உங்க ஆச்சி எல்லாத்தையும் சொன்னா. பாளையங்கோட்டையில விஸ்காம் படிக்கிற நீயும், உன் கூட்டாளிமாரு மூணு பேரும் காலேஜுக்குப் பத்து நிமிசப் படம் எடுக்கப் போறீங்களாம். பேய்ப்படமாம். அதுக்கு ‘ஓப்பனிங்’ எப்பிடி வைக்கிறதுன்னு மூணு நாளா மச்சுல கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுதீங்களாம். மூணு நாளு! நம்ம கன்னடியன் கால்வாயையே, பசுமாடு போன போக்குல வெட்டிட்டுப் போனாங்கன்னுதான் ஊருல கதை. அதுக்குக்கூட இம்புட்டு யோசனை பண்ணியிருக்க மாட்டாங்க.

சரி, அந்த நோட்டைக் கொடு. கண்ணாடியைப் போட்டுக்கிடுதேன்.

ம்ம். மொதல்ல ட்ரோன். பொதிகை மலை தெரியுது, மேகம் தெரியுது, தாமிரவருணி வளைஞ்சு போகுது, பாலம் வருது, கல்லிடைக்குறிச்சி கோபுரம் தெரியுது, அப்பிடியே கீழ இறங்கி ஒரு வீட்டுக்குள்ள நுழையுது. நல்லாத்தான் இருக்கு. சுற்றுலாத் துறைக்கு எடுத்துக் கொடுத்தா நாலு காசு தருவான். ஆனா நான் ஒண்ணு கேக்கேன். எந்தக் காலத்துலலே பேய் ஆகாசத்துலருந்து ஊரைப் பாத்துச்சு? அது கருடன்லே. மேலருந்து பாத்தா எந்த ஊரும் கோலம் போட்ட மாதிரிதான் இருக்கும். பயம் எங்க இருக்கும் தெரியுமா? கணுக்கால் மட்டத்துல. இருட்டுல புறவாசலுக்குப் போகையில காலுல என்னவோ ஈரமாத் தட்டுது பாரு, அங்க.

இன்னொண்ணு. அந்தப் பம்பரத்தைத் தூக்கிட்டுக் காரையாறு பக்கம் போயிராதே. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாம விட்டா வனத்துறைக்காரன் உன்னையும் ட்ரோனையும் சேத்து உக்கார வச்சிருவான். அதுவும் நல்ல ஓப்பனிங்தான். படத்துக்கு இல்லை, உங்க அப்பனுக்கு.

ரெண்டாவது, புகை மெஷின். வாடகைக்கா? மார்கழி விடியக்காலம் ஆத்துப் படித்துறைக்கு வாலே. பனி சும்மா கெடக்கு, யாரும் துட்டுக் கேக்க மாட்டான். மூணாவது, வெள்ளைச் சேலை. இதை எவன் கெளப்பிவிட்டான்னே எனக்குத் தெரியலை. நம்ம இசக்கியம்மனுக்குச் சாத்துறது செவப்புச் சேலை. வெள்ளைச் சேலை சினிமாக்காரன் உடுத்திவிட்டது. எங்க அம்மை முப்பது வருசம் வெள்ளைச் சேலைதான் உடுத்தினா. அவளைக் கண்டு யாரு பயந்தா? கடன் வாங்கினவன்தான் பயந்தான்.

நாலாவது, காக்கா. அஞ்சாவது, நாய் ஊளை. ஆறாவது, ஒரு பொம்பிளை அலறுதா. ஏழாவது, செவப்பு எழுத்துல பேரு, எழுத்துலருந்து ரத்தம் சொட்டுது. இதெல்லாம் மொத ஒரு நிமிசத்துலயா? பொறவு ஒம்பது நிமிசம் என்னத்தக் காட்டுவே? பந்தியில இலை போட்ட உடனே பாயசத்தை ஊத்துனா, பொறவு சோறு எறங்குமாலே?

சிரிக்காதே. நான் அனுபவிச்சுச் சொல்லுதேன். வாலிப வயசுல ஒரு டூரிங் கொட்டகையில ரெண்டு வருசம் டிக்கெட் கிழிச்சவன் நான். எந்தக் கொட்டகைன்னு கேக்காதே, அது இப்போ நெல்லுக் குடோன். ஒரு பேய்ப்படம் வந்துச்சு. மொத நாள் ரெண்டாவது ஆட்டம் முடிஞ்சு ஒருத்தன்கூடத் தனியா வீட்டுக்குப் போகலை. கும்பலாப் போனானுவ, பாட்டுப் பாடிக்கிட்டே போனானுவ. மறுநாள் ஆபரேட்டரு கொஞ்சம் ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. கடைசி ரீலைத் தூக்கி மொதல்ல மாட்டிட்டாரு. எடுத்த எடுப்புலயே பேய் வந்து நிக்கி. முழு மூஞ்சி. பல்லு, நகம், தலைமுடி, எல்லாம் தெரியுது. ஜனம் ஒரு நிமிசம் கம்முன்னு இருந்துச்சு. பொறவு மண்ணுல உக்காந்திருந்த ஒரு பய கேட்டான், “ஏ, பேயோட காதுல கடுக்கன் கெடக்கு பாத்தியா?” முடிஞ்சுது. அதுக்குப் பொறவு ரீலைச் சரியா மாட்டி என்ன பிரயோசனம்? கடுக்கன், கடுக்கன்னு விடிய விடியச் சிரிப்பு. அதே படம். அதே பேய். அதே ஜனம். மொத நாள் மூத்திரம் போகக்கூட வெளிய போகலை, மறுநாள் கடலை உடைச்சுத் தின்னுட்டுப் பாக்கான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுதோம்லா? அந்தச் சொலவடையில பேய் எங்க இருக்குன்னு ரோசிச்சுப் பாத்திருக்கியா? இருட்டுல இல்லை. கண்ணுல. மொதல்ல அவனை அரள வைக்கணும். மிச்ச வேலையை இருட்டு பாத்துக்கிடும். நீ என்னடான்னா இருட்டுக்கு லைட்டுப் போட்டுக் காட்டுறதுக்குத் துட்டுப் பிரிக்கே.

நான் அரண்ட கதையைச் சொல்லட்டா? எட்டு வயசு இருக்கும். சுடலைமாடன் கோயில் கொடை. நீ இப்போ கொடைக்கு வந்தா செல்போன்ல வீடியோ புடிச்சிட்டு, ஐஸ் தின்னுட்டுப் போயிருவே. அப்போ ரெண்டே ரெண்டு பெட்ரோமாக்ஸ். அதுக்கு அங்கிட்டு எல்லாம் இருட்டு. கணியான் கூத்து நடக்கு. ரெண்டு மகுடம், ஒண்ணு உச்சம், ஒண்ணு மந்தம். அண்ணாவி நடுவுல நின்னு பாடுதாரு. ரெண்டு ஆம்பிளையாளு பொம்பிளை வேசம் கட்டி ஆடுதாங்க. அண்ணாவி என்ன, வந்த உடனே சுடலையைக் கூப்பிட்டாரா? கிடையாது. சாமி வணக்கம், குரு வணக்கம், சபைக்கு வணக்கம். பொறவு கைலாசத்துக்குப் போறாரு. பார்வதிக்குப் பிள்ளை இல்லை. விளக்குச் சுடர்லருந்து ஒரு பிள்ளை பொறக்கு. தாய் சீராட்டுதா, தாலாட்டுதா. கேக்கிற பொம்பிளையாளு எல்லாம் கண்ணு கலங்குதாங்க. பேய் எங்க, பிசாசு எங்க? ஒண்ணையும் காணோம். தொட்டில்ல கெடக்கிற பிள்ளையைக் காலையில தூக்கி முத்தங் கொடுக்கப் போறா பெத்தவ. பிள்ளை வாயில பிணவாடை அடிக்கி.

அவ்வளவுதாம்லே. மகுடம் அந்த இடத்துல ஒரு கணம் நின்னுச்சு. எங்க ஆச்சி மடியில கெடந்த நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன்.

ராத்திரி பூரா தொட்டில்ல தூங்குதுன்னு தாய் நினைச்ச பிள்ளை, எந்திரிச்சுச் சுடுகாட்டுக்குப் போயி எரியிற பொணத்தைத் தின்னுட்டு, விடியுமுன்ன வந்து படுத்துக்கிட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி சிரிக்கி. இதுக்கு மேல ஒரு ஓப்பனிங்கை அமெரிக்காக்காரன் எடுத்துக் கிழிச்சிட்டானா? ட்ரோன் இல்லை, புகை இல்லை. ஒரு தொட்டில், ஒரு தாய், ஒரு வாடை. ஆனா அந்த வாடை வாரதுக்கு முன்னால அரை மணி நேரம் தாலாட்டு இருந்துச்சு பாரு, அதை மறந்திராதே. தாலாட்டு இல்லாம வாடையை மட்டும் காட்டுனா, நீ சாக்கடை ஓரத்துல படம் புடிச்சேன்னுதான் நினைப்பான்.

கதை இன்னும் முடியலை. அன்னைக்குச் சாமக்கொடை. நடுச்சாமத்துல சாமியாடி வேட்டைக்குப் போவாரு. கையில வல்லயம், தீப்பந்தம், காலுல சலங்கை. ஊரைத் தாண்டி மயானத்துக்கு. அவரு போற வழியில குறுக்க யாரும் வரக்கூடாது, எட்டியும் பாக்கக்கூடாது. எங்களையெல்லாம் வீட்டுக்குள்ள போட்டுக் கதவை அடைச்சிட்டாங்க. பட்டாசல்ல வரிசையாப் படுத்துக் கெடக்கோம். விளக்கை அமத்தியாச்சு. தூரத்துல சலங்கை கேக்கு. ஜல், ஜல்னு வருது. எங்க தெருவுக்குள்ள நுழையுது. கதவு இடுக்குல பந்த வெளிச்சம் ஒரு கோடு ஓடுது. போயிருச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டோம். பொறவு அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. கண்ணு சொருகுது. மறுபடியும் ஜல், ஜல். திரும்பி வாராரு. வருது, வருது, எங்க வாசல்ல வந்து நின்னுச்சு.

நின்னுச்சுலே. போகலை. வெளிச்சம் கதவுக்கு அடியில அசையாம நிக்கி. யாரோ மூச்சு வாங்குதாங்க. பக்கத்துல படுத்திருந்த எங்க அண்ணன் கையைப் புடிச்சேன், அவன் கை ஐஸு மாதிரி இருக்கு.

விடிஞ்சப் பொறவு விசாரிச்சா, சலங்கைக் கயிறு அவுந்து போச்சாம். கட்டுறதுக்கு நின்னாராம் மனுசன்.

இப்போ சொல்லு. நான் பாத்தது என்ன? ஒண்ணுமே பாக்கலை. ஒரு கதவைப் பாத்தேன். எழுபது வருசம் ஆச்சு, இன்னைக்கும் வாசல்ல யாராவது பேசாம நின்னா எனக்கு அடிவயித்துல ஜல்லுங்கும்.

நீ உடனே, “தாத்தா, அது அந்தக் காலம், இப்போ ஆடியன்ஸ் வேற”ம்பே. எப்பிடிலே வேற? இப்போ மனுசனுக்கு அடிவயிறு இல்லையா? உன் செல்போன்லயே காட்டினியே, காட்டுக்குள்ள மூணு பேரு கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்களே, ‘பிளேர் விட்ச் பிராஜக்ட்’. 1999-ல வந்தது. காலேஜுல சினிமா படிச்சுட்டு வந்த ரெண்டு பேரு எடுத்தது. எட்டே நாளு ஷூட்டிங். உலகம் பூரா 25 கோடி டாலருக்குப் பக்கத்துல வசூல். அதுல ஓப்பனிங் என்ன? வெறும் எழுத்து. 1994 அக்டோபர்ல மூணு மாணவங்க காட்டுக்குள்ள படம் எடுக்கப் போயிக் காணாமப் போனாங்க, ஒரு வருசம் கழிச்சு அவங்க எடுத்த படச்சுருள் கெடைச்சுதுன்னு ரெண்டு வரி. கடைசிவரைக்கும் பேய் மூஞ்சியைக் காட்டலை. அந்த ரெண்டு வரியைப் படிச்சவன், அடுத்து அந்தப் பிள்ளைங்க சிரிச்சாக்கூட ஐயோ பாவம்னுதான் பாப்பான். எழுத்துலருந்து ரத்தம் சொட்டலைலே!

‘ஜாஸ்’னு ஒரு சுறாமீன் படம், 1975. ஒரு பொண்ணு ராத்திரி கடல்ல குளிக்கா. கீழருந்து என்னவோ இழுக்கு. சுறா தெரியுதா? தெரியாது. பண்ணி வச்ச மிஷின் சுறா உப்புத் தண்ணியில அடிக்கடி மக்கர் பண்ணுச்சாம். அதனால முக்கால்வாசிப் படத்துல சுறாவைக் காட்டாமலே ஒப்பேத்தினாங்க. துட்டு இல்லாதவனுக்கும் மிஷின் ஓடாதவனுக்கும் சாமி இப்பிடித்தான் புத்தியைக் கொடுக்கும். உன் கையில துட்டு இல்லைன்னு அழுதியே, அதுக்குச் சந்தோசப்படுலே.

வெளியூருக்கு எதுக்குப் போவான்? 1986 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ‘ஊமை விழிகள்’ வந்துச்சு. அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட்டுல படிச்ச பயலுவ சேந்து எடுத்தது. ஆபாவாணன் கதை, அரவிந்தராஜ் டைரக்ஷன். உன்னை மாதிரி நோட்டும் கையுமாத் திரிஞ்ச பிள்ளைங்கதான். சினிமாஸ்கோப்புல எடுத்து, விஜயகாந்தை நரை வச்சு போலீஸ் அதிகாரியாப் போட்டு, ஊரையே உக்கார வச்சானுவ. அதுல பேய் கெடையாது. ஒரு கிழவி, ஒரு குதிரை வண்டி. கிழவி நம்ம தெருவுல முறுக்கு விக்கிற கிழவி மாதிரிதான் இருப்பா. ஆனா அந்தப் படம் பாத்துட்டு வந்த ஒரு வாரம், முறுக்குக் கிழவிக்கு வியாபாரம் இல்லை.

அதுக்கும் முன்ன 1954-ல ‘அந்த நாள்’. வீணை வாசிப்பாரே எஸ். பாலச்சந்தர், அவரு டைரக்ஷன். அது பேய்ப்படம் இல்லை, கொலைப்படம். ஆனா ஓப்பனிங்கைப் பாரு. படம் தொடங்கி நாம சம்மணம் போட்டு உக்காருமுன்ன டுமீல்னு ஒரு சத்தம். சிவாஜி பொணம். கொட்டகையில விசில் அடிக்க விரலை வாயில வச்சவன் அப்பிடியே வச்சபடி இருந்தான். படத்துல ஒரு பாட்டுக் கெடையாது. இசை தெரிஞ்ச மனுசன், எங்க தந்தியைத் தொடக்கூடாதுங்கிறதும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உன் நோட்டுல மொத நிமிசத்துக்கு ஒம்பது சத்தம் எழுதியிருக்கே. ஒம்பது சத்தம் சேந்தா அது பயம் இல்லைலே, சந்தை.

படிக்கிற பழக்கம் உண்டுமா? புதுமைப்பித்தன்னு கேள்விப்பட்டிருப்பே, நம்ம திருநெல்வேலிக்காரரு. ‘காஞ்சனை’னு ஒரு கதை எழுதியிருக்காரு. அது எப்பிடித் தொடங்குது? ஒருத்தருக்கு ராத்திரி தூக்கம் வரலை, ஏன்னு அவருக்கே தெரியலை. இம்புட்டுத்தான். நமக்கெல்லாம் நடக்கிறதுதானே? கொஞ்ச நேரத்துல எங்கிருந்தோ வாடை வருது. அங்கயும் மூக்குதான் பாரு. சுடலை கதை கேட்டு வளந்த ஊருக்காரரு வேற எங்க போவாரு! நீ அந்தக் கதையைப் படி. படமா எடுக்காதே, படி. கைச்செலவு கம்மி.

ஆமா, ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ன்னு மொதல்ல போடப் போறேங்கியே, எந்தச் சம்பவம்லே? ஒண்ணும் இல்லையா? பொறவு ஏன் பொய்? உண்மையே வேணும்னா, இங்கருந்து நாலு எட்டுல குலசேகரமுடையார் கோயில் இருக்கு. போயிக் கேளு. 1982-ல ராத்திரியோட ராத்திரியா நடராசரைத் திருடிட்டுப் போயிட்டானுவ. காலையில கதவைத் தெறந்த ஆளு எப்பிடி நின்னிருப்பாருன்னு நினைச்சுப் பாரு. தினமும் பாத்த கால் அங்க இல்லை. தூக்குன அந்தக் கால், ஊணுன அந்தக் கால், ஒண்ணும் இல்லை. அப்பிடியே 37 வருசம். கடைசியில ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு மியூசியத்துல கண்டுபிடிச்சு 2019-ல கொண்டு வந்து சேத்தாங்க. அன்னைக்கு ஊரே தெருவுல நின்னுச்சு, நானும் நின்னேன். சிலை இருந்தப்போ எனக்கு அது சிலை. இல்லாம இருந்த காலத்துலதான் அந்தப் பக்கம் போகையில ஒடம்பு கூசும். இல்லாத ஒண்ணு நம்மளைப் பாக்கிற மாதிரி இருக்கும். இது பேயா? இல்லை. ஆனா உன் வெள்ளைச் சேலைக்காரியைவிட நூறு மடங்கு.

சரி, வாய் வலிக்கி. ஆச்சி காப்பி கொண்டு வாரா, குடி. கருப்பட்டிக் காப்பிதான், மூஞ்சியைத் தூக்காதே.

குடிச்சுக்கிட்டே கேளு. நம்ம ஊருக்கு எது பேரு? அப்பளம். அதை விட்டுட்டு நீ எங்கயோ இங்கிலீஷ்காரன் பங்களாவைத் தேடுதே. மொட்டை மாடியில வேட்டி விரிச்சு வரிசை வரிசையா அப்பளம் காயுது. நல்ல வெயிலு. ஒரு பொம்பிளை எண்ணுதா. பத்து, இருபது, முப்பது. சாவகாசமா எண்ணட்டும், வெட்டாதே. நடுவுல ஒரு அப்பளத்துல மட்டும் ஒரு பிஞ்சுக் கால் பதிஞ்சிருக்கு. ஈர அப்பளம், தெளிவா அஞ்சு விரலும் தெரியுது. சுத்தி இருக்கிற அப்பளத்துல ஒரு தடமும் இல்லை. அவ நிமிந்து பாக்கா. மாடியில யாரும் இல்லை. அந்த ஒரு அப்பளத்தை மட்டும் எடுத்து முந்தியில ஒளிச்சு வச்சுக்கிட்டு, விட்ட இடத்துலருந்து மறுபடி எண்ணுதா.

என்னலே, வாயைப் பொளந்துட்டே? அவ ஏன் ஒளிச்சா? எனக்கு எப்பிடித் தெரியும்? அது உன் ஒம்பது நிமிசம். செலவு ஒரு கிலோ உளுந்தும், கொஞ்சம் பிரண்டையும். பட்டப்பகல்ல எடு. லைட்டு வாடகையும் மிச்சம். எடுத்ததைக் கதை தெரியாத ரெண்டு பேருக்குப் போட்டுக் காட்டு. உன் கூட்டாளிக்குக் காட்டாதே, அவன் சூப்பர் மச்சிம்பான். ஆச்சிக்குக் காட்டு. அவ வெத்தலை இடிக்கிறதை நிறுத்திட்டுப் பாத்தா நீ தேறினே.

மைக்கு மட்டும் நல்லதா வாங்கிக்கோ. கேமராவுக்குக் கொட்டிக் கொடுத்துட்டுச் சத்தத்தைச் செல்போன்ல புடிப்பேன்னியே, அதான் உன் நோட்டுலயே பெரிய பேய்.

சத்தம்னதும் ஞாபகம் வருது. அக்ரஹாரத்துல அந்த நீள வீடு பாத்தியா, வாசல்ல நின்னா புறவாசல் வரைக்கும் தெரியுமே? ஆளுங்க எல்லாம் பம்பாய்க்குப் போயி வீட்டைப் பூட்டி ரொம்ப வருசம் ஆச்சு. ஒரு காலத்துல அங்க அப்பள மாவு இடிப்பாங்க. உலக்கைச் சத்தம் தொம்மு தொம்முன்னு இங்க வரைக்கும் கேக்கும். எனக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கமே வரும்.

இப்போவா? இப்போ நல்லாத் தூங்குதேன்லே. நேத்தும் நல்ல தூக்கம். அதுக்கு என்ன?

எங்கலே எந்திரிச்சிட்டே? காப்பியைக் குடிச்சு முடிச்சிட்டுப் போ. அந்த வீட்டு வழியாத்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழி, அஞ்சு நிமிசம். ஏன், சுத்தியா போகப் போறே? நாலு தடிப்பயலுவ இருக்கீங்க. செல்போன்ல லைட்டு இருக்கு. பேயெல்லாம் ஜுஜுபி தாத்தான்னு இப்போதானே சொன்னே?

என்னது, முடுக்கு வரைக்கும் நானும் வரணுமா? இருலே, கம்பை எடுத்துக்கிடுதேன்.